வீட்டில் உள்ள கால்நடைகள் எத்தனை?

அக்காவின் போனுக்கு அந்தச் செய்தி வந்தபோது நான் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா ஜெப்தனுய் வேலியோரம் நின்று அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு ஈரக் கையோடு இருந்த என்னிடமே போனை நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு நீ படி. எனக்குக் கண்ணு சரியில்ல போல."

நைரோபியிலுள்ள கல்விக் கடன் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. எல்டோரெட்டில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்து ஒரு மாதமாகியிருந்தது. இப்போது யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அரசு தருவது இவ்வளவு, கடனாகத் தருவது இவ்வளவு, மீதி எழுபத்தோராயிரம் ஷில்லிங் குடும்பம் கட்ட வேண்டியது. ஒவ்வொரு வருடமும், நான்கு வருடத்துக்கு. எங்கள் குடும்பம் ஐந்தாம் பிரிவில் இருந்தது. முதல் பிரிவு ஒன்றுமில்லாதவர்களுக்கு. ஐந்துக்கு மேல் பிரிவே கிடையாது.

"நாம பணக்காரங்களாம்," என்றாள் அக்கா. "அம்மாகிட்ட போய்ச் சொல்லு, சந்தோஷப்படட்டும்."

நான் கேனைக் கவிழ்த்து வைத்தேன். சரியாக நிற்கவில்லை, உருண்டது. திரும்ப வைத்தேன். எந்தக் கேள்வி எங்களை ஐந்தாம் பிரிவுக்குக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவத்தை அடித்தவள் நான்தான்.

எங்கள் கடைத்தெருவில் கிளாடிஸ் அக்கா ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் உரக் கம்பெனியின் காலண்டர். காலையும் மாலையும் மாடு மேய்த்துவிட்டு நடுப்பகலில் நான் அங்கே உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருவேன். படிவத்துக்கு இருபது ஷில்லிங் எனக்கு. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருடத்தோடு நான் நின்றுவிட்டேன். இரண்டு பேருக்கும் கட்டணம் கட்ட முடியவில்லை, அக்கா பரீட்சைக்குப் பக்கத்தில் இருந்தாள், அதனால் நான் நின்றேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் எதைப் பற்றியும் அதிகம் பேசுகிறவள் இல்லை. "வாயில என்னடி வச்சிருக்க, மண்டாசிப் பணியாரமா?" என்று கிளாடிஸ் அக்கா கேட்பாள். ஆனால் என் வாய் திறக்காது என்பதால்தான் ஆட்கள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கு எத்தனை மனைவி, யாருக்கு எங்கே நிலம் எல்லாம் எனக்குத் தெரியும்.

அக்காவின் படிவத்துக்கு அப்பா வந்திருந்தார். கூரை தகரமா என்று கேட்டது, தகரம். தரை சிமெண்டா, மண். அரை ஏக்கர் தேயிலை. கரண்ட் உண்டு. இதுவரை அப்பா டக்டக்கென்று பதில் சொன்னார். அடுத்த கேள்வி: வீட்டில் உள்ள கால்நடைகள் எத்தனை?

அப்பா காலண்டரைப் பார்த்தார்.

எங்கள் நந்தி இன ஜனங்களில் மாட்டை வாய்விட்டு எண்ண மாட்டார்கள். எண்ணினால் குறையும். மாடு எப்படியிருக்கிறது என்று கேட்கலாம், எத்தனை இருக்கிறது என்று கேட்கக் கூடாது. கடையில் எங்களுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தெனமும் ஓட்டிட்டுப் போறவ நீதானே. நீயே போடு," என்றார்.

நான் பதினான்கு என்று அடித்தேன். மாலையில் வேலிக்குள் வருவது பதினான்குதான். அதில் எங்களுடையது இரண்டு, சாம்பலியும் சுட்டியும். மற்ற பன்னிரண்டும் அரப் பிர்கெனுடையவை. அரப் என்பது இன்னாரின் மகன் என்று மரியாதையாகச் சொல்வது. அவர் மாவு மில் வைத்திருப்பவர். ஒரு லாரியும் உண்டு, அது அவர் தம்பி பேரில் ஓடுகிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஐந்து மாட்டை எங்கள் ஆற்றங்கரைப் புல்லில் கொண்டுவந்து விட்டார். எல்லா மாட்டையும் ஓரிடத்தில் வைத்தால் கண் படும், நோய் வந்தால் மொத்தமும் போகும் என்பதால் வசதியானவர்கள் இப்படி நம்பிக்கையானவர் வீட்டில் பிரித்து விடுவது உண்டு. கிமனகான் என்போம். பால் வைத்துக்கொள்பவருக்கு, கன்று சொந்தக்காரருக்கு. அது யாருடைய மாடு என்று வைத்துக்கொள்பவர் வெளியே சொல்ல மாட்டார். கேட்டாலும் சொல்ல மாட்டார். தெரிந்தவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் படிவத்தில் யாருடைய மாடு என்று எழுத இடமில்லை. ஒரு கட்டம்தான் இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து பிர்கெனின் மகன் கிபிவோத் தன் படிவத்தோடு வந்தான். அவனுக்கும் எல்டோரெட்டில்தான் இடம், கணக்குப் பாடம். மாட்டுக் கேள்வி வந்ததும் அவன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு," என்றான். நான் ஒன்று என்று அடித்தேன். அது பொய்கூட இல்லை. அவர்கள் வாசலில் ஒரு மாடுதான் கட்டியிருந்தது.

அக்காவுக்குச் செய்தி வந்த அன்றே அவனுக்கும் வந்தது. முதல் பிரிவு. கிட்டத்தட்ட எல்லாமே அரசு கட்டும்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கிளாடிஸ் அக்கா கண்டுபிடித்துச் சொன்னாள். பத்து நாளுக்குள், அதாவது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள், சீஃப் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும், வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று. எங்கள் வட்டாரத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கும் ஆள் சீஃப்தான். அம்மா அன்று மாலையே அவர் வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வந்து, அவர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். நானும் அந்த ஆற்றங்கரை வழியாகத்தான் போகிறேன், எனக்கும் கண் இருக்கிறது, இல்லாததை எழுதி முத்திரை குத்தினால் என் வேலை போகும். அவை வேறு ஆளுடையவை என்றால் அந்த ஆள் வந்து சொல்லட்டும், இல்லை உன் புருஷன் சொல்லட்டும், சொன்ன நிமிடமே எழுதுகிறேன் என்றாராம்.

அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய், நன்றாகவே இருந்த வேலியைக் கட்ட ஆரம்பித்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அக்கா தகரப் பெட்டியில் துணியை அடுக்குவாள், பிறகு எடுத்துக் கொடியில் போடுவாள். நைரோபியில் சித்தி வீட்டில் குழந்தை பார்க்கப் போகிறேன் என்றாள் ஒரு நாள். மறுநாள் அதே பெட்டியைத் திரும்பவும் அடுக்கினாள். கதவருகே போவதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள், யாரோ வரப்போவதுபோல. நான் மாட்டுக்குப் பின்னால் நடக்கும்போது பன்னிரண்டையும் எண்ணிக்கொண்டே நடந்தேன். வாய்விட்டு இல்லை. எண்ணினால் குறையும் என்றால் குறையட்டும் என்றுகூட நினைத்தேன்.

கிணற்றடியில் அக்கா ஒரு முறை கேட்டாள்.

"உனக்குத் தெரியும்ல? ரெண்டுன்னு போட்டிருந்தா என்னடி ஆயிருக்கும்?"

நான் கயிற்றை இழுத்துக் குடத்தை நிரப்பினேன். அவள் போகாவிட்டால், நான் பள்ளியை விட்டு நின்றதற்கும் கணக்கு இல்லாமல் போகும். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தபோது கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் ஹரம்பே வைத்தோம். பிள்ளை படிக்கப் போகிறது என்றால் ஊர் கூடிக் காசு போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தேவாலயத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்தோம், அம்மா பெரிய பானையில் தேநீர் கொதிக்க வைத்தாள். ஆட்கள் வந்தார்கள், ஜெபம் செய்தார்கள், அக்காவைப் புகழ்ந்தார்கள். கூடை சுற்றி வந்தபோது அடியில் நாணயச் சத்தம்தான் அதிகம் கேட்டது. அம்மாவின் தோழி சலீனா நூறு ஷில்லிங்கை மடித்துப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆத்தங்கரை பூரா கொம்பாத் தெரியுது. நாங்க போடற காசுலயா உங்க வீட்டுப் பொண்ணு படிக்கணும், ஜெப்தனுயம்மா?"

பலர் சிரித்தார்கள். சலீனாவுக்கு அவை யாருடையவை என்று தெரியாமலிருக்காது. தெரியாததுபோல இருப்பதுதான் வழக்கம் என்பதால் அந்தக் கேலிக்குப் பதிலும் கிடையாது. அம்மா தேநீரை ஊற்றிக்கொண்டே போனாள்.

அரப் பிர்கெனும் வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டாயிரம் போட்டார். அன்று விழுந்ததில் அதுதான் பெரிய தொகை, எல்லோரும் கை தட்டினார்கள். மொத்தம் ஆறாயிரத்து நானூறு சேர்ந்தது.

திங்கட்கிழமை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு பிர்கென் வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். கரித்தூள் தடவிய சுரைக்குடுக்கையிலிருந்து புளித்த பால் ஊற்றித் தரச் சொன்னார். அவர் கெட்டவர் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. அவர் மாட்டுப் பால் விற்ற காசில்தான் அக்காவின் நான்கு வருடப் பள்ளிக் கட்டணம் போனது. எனக்குக் காய்ச்சல் வந்து கப்சபெத் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவர் லாரியில்தான். அக்கா இதையெல்லாம் சொல்லி நன்றி சொல்லிவிட்டு, சீஃப் முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டாள்.

அவர் குடுக்கையின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"என்ன வார்த்தைம்மா?"

"அந்த மாடுங்க உங்களோடதுன்னு, மாமா."

"உங்கப்பா சொன்னாரா, அது என்னோடதுன்னு?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றால் அப்பா வாக்கு தவறியவர் ஆகிறார். இல்லை என்றால் நாங்கள் எதை நம்பி வந்தோம்? நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் கிபிவோத் இருந்தான். ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது சத்தம் நின்றதிலிருந்து தெரிந்தது.

"உங்கப்பா மெலி நல்ல மனுஷன்," என்றார் பிர்கென். "அவர் சொல்லாத ஒண்ண நான் எப்படிச் சொல்றது? அவருக்கும் மரியாதை இல்ல, எனக்கும் மரியாதை இல்ல. பாலைக் குடிங்க."

குடித்தோம். வரும் வழியெல்லாம் அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள், நான் ஓட வேண்டியிருந்தது.

நாங்கள் போனது புதன்கிழமைதான் அப்பாவின் காதுக்கு எட்டியது. அவர் சத்தம் போடவில்லை. உகாலிக் களியைப் பிட்டு, வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார்.

"அவர் மாட்டை மட்டுமா எங்கிட்ட விட்டாரு? பேச்சையும் சேத்துத்தான் விட்டாரு. நாளைக்கு எவன் எங்கிட்ட ஒரு கன்னுக்குட்டிய விடுவான்?" பிறகு, "சாம்பலியையும் சுட்டியையும் வித்துடறேன். ஒரு வருஷக் காசு வந்துடும்," என்றார்.

"அடுத்த வருஷம் எதை விப்பீங்க?" என்று அம்மா கேட்டாள். "என்னையா? எனக்கும் இப்ப விலை போகாது."

அப்பா சிரிக்கவில்லை. அக்கா எழுந்து வெளியே போனாள். தகரப் பெட்டி மூடும் சத்தம் கேட்டது, திறக்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை சீஃப் ஊர்க் கூட்டம் வைத்திருந்தார். கடைத்தெருவை ஒட்டிய மைதானத்தில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, மாதத்துக்கு ஒரு முறை நடப்பது. ஆண்கள் எல்லோரும் போவார்கள். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தார். நான் பத்து மணிக்கு மாட்டை அவிழ்த்தேன். சாம்பலியையும் சுட்டியையும் மட்டும் அவிழ்க்கவில்லை. ஏன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், சுட்டி சினையாக இருக்கிறது, நடக்க வேண்டாம் என்றிருப்பேன்.

ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறினால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் உப்பு மண் நக்குமிடம், தினமும் அங்கேதான் போவோம். வலது பக்கம் கடைத்தெரு, மைதானம், அதைத் தாண்டினால் பிர்கெனின் நீல கேட்டு. முன்னால் போகும் கிழட்டுச் செவலை பழக்கப்படி இடது பக்கம் திரும்பியது. நான் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன். அது என்னை மோந்து பார்த்தது. எனக்கு மூச்சு வாங்கியது.

விட்ட மாட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கும் எங்களில் ஒரு முறை இருக்கிறது. முன்னே போகும் மாட்டின் கொம்பில் பச்சைப் புல்லைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும். விற்கக் கொண்டுபோகும் மாடு இல்லை, திருட்டு மாடும் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்புகிறது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் சலீனா வீட்டிலிருந்து ஒரு மாடு அப்படித்தான் போனது. அவள் அழுதுகொண்டே கட்டினாள்.

ஓரத்தில் புல் முழங்கால் உயரம் இருந்தது. ஒரு பிடி பிடுங்கினேன். அவசரத்தில் முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இரண்டாவது முறை பல்லால் இழுத்துக் கட்டினேன். பிறகு வலது பக்கம் ஓட்டினேன்.

கடைத்தெருவில் பன்னிரண்டு மாடு நுழைந்தால் சாலை அடைத்துக்கொள்ளும். எல்டோரெட் போகும் மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்தது, டிரைவர் ஏதோ திட்டினான், கன்று ஒன்று முட்டைக்கோஸ் கடைக்குள் தலையை விட்டது. கிளாடிஸ் அக்கா கடை வாசலுக்கு வந்தாள். சந்தைக்கா ஓட்டுகிறாய் என்று கேட்க வாயெடுத்தவள் செவலையின் கொம்பைப் பார்த்தாள். பேசாமல் கீழிறங்கி வந்து கன்றை முட்டைக்கோஸிலிருந்து இழுத்து என் பக்கம் தள்ளிவிட்டாள்.

என் காது இரண்டும் சூடாக இருந்தன. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் தலையில் ஓடவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றால், சாலை முழுக்க நிறைந்திருந்த மாடுகளைத் திருப்ப இடமில்லை.

மைதானத்தில் சீஃப் மானிய விலை உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு முதலில் கடைசி வரிசை திரும்பியது, பிறகு எல்லா வரிசையும். சீஃப் நிறுத்தினார். நடுவரிசையில் அப்பா எழுந்து நின்றார். அவர் முகத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். பிறகு செவலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடுகள் நின்ற இடத்தில் புல் மேய ஆரம்பித்தன.

முன்வரிசையில் அரப் பிர்கென் உட்கார்ந்திருந்தார். தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கொம்பில் புல்லோடு வந்த மாட்டைச் சொந்தக்காரர் எழுந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் முன்னால் வந்ததோ அத்தனை பேர் முன்னாலும் ஏற்காமல் விட்டால், அது வைத்திருந்தவருக்கே ஆகிவிடும். பிர்கென் உட்கார்ந்தே இருந்தால் பன்னிரண்டும் எங்களுடையவை. அதை அப்போதுதான் நான் நினைத்துப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் நினைத்திருக்க வேண்டும். தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

பிறகு எழுந்தார். அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"புல்லு தீந்துபோச்சா, மெலி?"

மாட்டைத் திருப்பும்போது சொந்தக்காரர் கேட்கும் கேள்வி அது. ஆகஸ்ட் மாதம், ஏப்ரலில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. மைதானத்தைச் சுற்றி, சாலையோரம், கல்லறைத் தோட்டத்தில், எங்கு பார்த்தாலும் புல். பிர்கெனின் சொந்த மாடுகளே அதை மேய்ந்துகொண்டிருந்தன.

இது பிள்ளை செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் வெறும் பிள்ளை, கொம்பில் இருப்பது வெறும் புல். மாடுகள் ஆற்றங்கரைக்குத் திரும்பியிருக்கும்.

"தீந்துபோச்சு," என்றார் அப்பா.

பிர்கென் எனக்கு முன்னால் நடந்தார். நீல கேட்டை அவரே திறந்தார். பாதி மாடுகள் எங்கள் வீட்டில் பிறந்தவை, அந்த கேட்டைப் பார்த்ததே இல்லை, உள்ளே போக மறுத்தன. கிபிவோத் வெளியே வந்து என்னோடு சேர்ந்து தள்ளினான். கடைசிக் கன்றை உள்ளே விட்டுவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்குப் படிவம் அடிக்கிறப்பவே நீ சொல்லியிருக்கலாம்."

"நீ கேக்கலையே," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

சீஃப் மாலையே கடிதம் எழுதித் தந்தார். இரண்டு மாடுகள் என்று மட்டும். மற்ற மாடுகள் எங்கே போயின என்று எழுதவில்லை. ஒரு மாடு என்று சொன்ன கிபிவோத்தின் படிவத்திலும் அவர் முத்திரைதான் இருந்தது. வெள்ளிக்கிழமை நானே அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். கட்டத்தில் 2 என்று அடித்துவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தேன். கிளாடிஸ் அக்கா அன்று காசு வாங்கவில்லை.

அப்பா என்னோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பிடும்போது என் தட்டில் கீரை குறைந்தால் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்துவார். அம்மா காலையில் எழுந்து மூன்று கேனை எடுப்பாள், இரண்டைத் திரும்ப வைப்பாள். தேநீர்க் கடைக்காரர் பாலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

பதில் வர பன்னிரண்டு நாளானது. அதற்குள் கல்லூரியில் சேரும் நாள் வந்து, ஒரு வாரம் தள்ளிக் கேட்டு, அந்த வாரமும் முடியப்போனது. அக்கா பெட்டியைப் பூட்டி சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள், தான் திறக்காமலிருக்க. பதில் வந்த அன்று நான் கடையில் இருந்தேன். திரையில்தான் முதலில் பார்த்தேன். முதல் பிரிவு கொடுக்கவில்லை. மூன்றாம் பிரிவு. கரண்ட் இருப்பதால் இருக்கலாம், அரை ஏக்கர் தேயிலையால் இருக்கலாம், எனக்குத் தெரியாது. குடும்பம் கட்ட வேண்டியது முப்பத்தெட்டாயிரம்.

வீட்டுக்கு ஓடினேன். அக்கா செய்தியைப் படித்தாள். பிறகு சாவியைக் கேட்டு அம்மாவிடம் போனாள்.

அப்பா சாம்பலியைச் சந்தைக்குக் கொண்டுபோனார். நாற்பத்திமூன்றாயிரத்துக்குப் போனது. சுட்டி சினையாக இருந்ததால் வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை மாலை மினிபஸ்ஸில் அக்காவின் தகரப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினார்கள். ஜன்னல் வழியாக அவள் என் கையைப் பிடித்து, "நீயும் திரும்பப் போகணும்டி பள்ளிக்கூடம்," என்றாள். நான் தலையாட்டினேன். அவளும் நானும் அதற்கான கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. கிபிவோத் ஒரு வாரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான், முதல் பிரிவில்.

பஸ் கிளம்பிய பிறகும் அப்பா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்திலிருந்து மாடுகள் வந்தன. முன்னால் கிழட்டுச் செவலை, கொம்பில் எதுவும் இல்லை. சலீனாவின் மகள் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் கடைசி, நான்காம் வருடத்தில் இருக்கிறாள், அடுத்த வருடம் படிவம் நிரப்ப என்னிடம்தான் வருவாள். அவர்கள் வீட்டுப் பக்கம் புல் நன்றாக இருக்கும். அப்பா மாடுகள் கடந்து போகும்வரை ஓரமாக ஒதுங்கி நின்றார். செவலை எங்களை அடையாளம் கண்டு நின்றது, அந்தப் பெண் குச்சியால் தட்டினாள், போய்விட்டது.

"பால் கறக்க நேரமாச்சு," என்றார் அப்பா. பதினெட்டு நாள் கழித்து அவர் என்னிடம் பேசியது அது.

வீட்டுக்கு வந்தோம். பழக்கத்தில் நான் வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன், எல்லாம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்க. சுட்டி மட்டும் மூலையில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கிபிவோத்துக்காக நான் அந்தக் கட்டத்தில் அடித்த எண், இப்போது எங்கள் வீட்டுக்குச் சரியாக இருந்தது.